குடை சாயும் வண்டிகள்

நான்கு பருத்த சக்கரங்கள், குதிரைமேல் உட்காருவதுபோல் கால்களை அகட்டி உட்கார ஓர் இருக்கை, மோட்டார் சைக்கிள் கைப்பிடி, முன்னும் பின்னும் சாமான் கட்ட இரும்புத் தட்டு. கோவா கடற்கரையிலோ மணாலியிலோ அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசுபவர்களிடம் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம்: ஏ.டி.வி. விரித்துச் சொன்னால் எல்லா நிலத்திலும் ஓடும் வண்டி.

மொழிபெயர்ப்பவருக்கு இது ஒரு தொல்லை. நிலத்தை வகை பிரிப்பதில் தமிழனை மிஞ்ச ஆளில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பொழுது என்று கொடுத்தவர்கள் நாம். அந்தக் கணக்கில் இதற்கு 'ஐந்திணை வண்டி' என்று பெயர் வைக்கலாம். காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் பெயரில் உண்மை இருக்கிறதா என்று பார்க்கப் போனால்தான் சிக்கல். இது குறிஞ்சிச் சரிவில் உருளும், முல்லையில் எறும்புப் புற்றின்மேல் ஏறிக் கவிழும், மருதத்தில் வாய்க்கால் கரையில் மல்லாக்கும், நெய்தல் மணல்மேட்டில் தலைகுப்புறப் போகும். ஐந்து நிலத்திலும் ஓடும் என்பது விற்பவர் சொன்னது. ஐந்து நிலத்திலும் கவிழும் என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் சொல்லின.

இந்த வண்டி முதலில் பொழுதுபோக்குச் சாமான்தான். 1970இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியாக இதைக் கொண்டுவந்தது. பலூன் போன்ற டயர். மறு ஆண்டே ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியது. மூன்று சக்கரத்தின்மேல் உட்கார்ந்து வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பது நம் ஊர் ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தெரியும். அமெரிக்கப் பிள்ளைகள் மருத்துவமனையில் படுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கரம் கொடுத்தது. 1988இல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மூன்று சக்கர வண்டிகளை விற்பதையே தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்கள். நான்கு சக்கர வண்டி தப்பித்துக்கொண்டது.

அது பண்ணைக்குள் போனதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு பண்ணை என்பது நம் ஊரில் ஒரு தாலுகாவின் மூலை. ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு வர, வேலி பார்க்க, களைக்கொல்லி அடிக்க முன்பு குதிரை இருந்தது, பிறகு மோட்டார் சைக்கிள் இருந்தது. குதிரைக்குத் தீனி போட வேண்டும். மோட்டார் சைக்கிளில் சாமான் கட்ட முடியாது. இந்த வண்டி இரண்டுக்கும் பதிலாக வந்தது. பின் தட்டில் மருந்துத் தொட்டி, முன் தட்டில் வேலிக்கம்பிச் சுருள், சில சமயம் ஒரு நாய். விளையாட்டுச் சாமான் வேலைச் சாமானாயிற்று. அமைப்பு மட்டும் விளையாட்டுக்கானதாகவே இருந்தது.

அமைப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. தரையிலிருந்து உயரம் அதிகம். அதன்மேல் மனிதன் உட்காரும்போது மொத்த எடையின் மையம் இன்னும் மேலே போகிறது. பல மாதிரிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்வதால், திரும்புவதற்கு ஓட்டுபவர் தன் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து உதவ வேண்டும். இதைச் 'சுறுசுறுப்பான ஓட்டம்' என்று விற்பனைப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்லின. காலையில் இளைஞர் ஒருவர் காலி வண்டியில் செய்யக்கூடிய காரியம்தான் அது. மாலையில், அறுபது வயதில், பின்னால் பாதி நிரம்பிய மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணைத் தப்பி ஓடும் மாட்டின்மேல் வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? தொட்டி முழுவதும் நிரம்பியிருந்தாலாவது பரவாயில்லை. பாதி நிரம்பியதில் நீர் சரிவின் பக்கம் அலைபாயும். அந்த அலையே கடைசித் தள்ளாக இருக்கும்.

சாவு வரும் விதம்தான் கொடுமை. மோதி எலும்பு நொறுங்கிச் சாகிறவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பெரும் பகுதியினருக்கு உடம்பில் பெரிய காயமே இருக்காது. வண்டி மெதுவாகத்தான் கவிழ்ந்திருக்கும். நடக்கிற வேகம்கூட இருந்திருக்காது. முன்னூறு கிலோ எடை மார்பின்மேலோ முதுகின்மேலோ உட்கார்ந்துகொள்ளும். மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்க விலா எழும்பாது. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தால் தூக்கிவிடலாம். பண்ணையில் பக்கத்தில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் வரவில்லையே என்று மனைவியோ மகனோ தேடிக்கொண்டு போகும்போது எஞ்சின்கூட ஆறியிருக்கும்.

2011 முதல் 2018 வரையான ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இந்த வண்டிகளால் இறந்தார்கள் என்று அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் கணக்குச் சொன்னது. நாளொன்றுக்கு ஆறு பேர் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள், அவர்களில் இருவர் படுக்கையில் சேர்ந்தார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. பண்ணை என்பது வீடும் தொழிற்சாலையும் ஒன்றாக இருக்கும் இடம். அங்கே தாத்தாவின் வேலை வண்டி பேரனுக்கு விளையாட்டு வண்டி. 16 என்பது நமக்குச் சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஒரு மழைக்காலத்தில் ஒரு மாவட்டத்தில் போகிற உயிர் இது என்று நாம் தோளைக் குலுக்கலாம். மொத்த மக்கள்தொகையே இரண்டரைக் கோடியாக இருக்கும் நாட்டில், அதிலும் பண்ணையில் இருக்கும் சிறுபான்மையில், அது சின்ன எண் இல்லை.

அங்கே நடந்த சண்டைதான் நமக்குப் பாடமாக இருக்கக்கூடியது. சண்டையின் ஒரு பக்கத்தில் தயாரிப்பாளர்கள். வண்டியில் குறையில்லை, ஓட்டுபவரிடம்தான் குறை என்பது அவர்கள் கட்சி. தலைக்கவசம் அணியுங்கள், பயிற்சி எடுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். எல்லாமே சரியான அறிவுரை. மறுபக்கத்தில் பண்ணைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், பல்கலைக்கழகப் பொறியாளர்கள், கிராமத்து மருத்துவர்கள். அவர்கள் கேட்டது ஒரு வளைவுக் குழாய். இருக்கைக்குப் பின்னால், தலைக்குமேல் உயர்ந்து நிற்கும் ஓர் இரும்பு வளைவு. வண்டி கவிழ்ந்தால் அந்த வளைவு தரையில் ஊன்றி, வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு மனிதன் மூச்சுவிடும் அளவு இடத்தைக் காப்பாற்றும். அந்த வளைவே மண்டையில் அடிக்கலாமே என்றார்கள் தயாரிப்பாளர்கள். கணினியில் கவிழ்த்துக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு மேடையில் உண்மை வண்டியைச் சாய்த்துக் காட்டியது. ஆண்டுகள் ஓடின. 2015இல் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் மரண விசாரணை நீதிபதிகள் பல சாவுகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்து விசாரித்தார்கள். தனித்தனிக் கோப்பில் ஒவ்வொன்றும் ஒரு துரதிர்ஷ்டம். ஒன்றாக அடுக்கினால் அது ஒரு வகை.

இடையில் சொல் சண்டையும் நடந்தது. இதைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? அந்த வளைவுக்கு முதலில் வழங்கிய ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'நசுங்கல் தடுப்புக் கருவி'. பிறகு 'ஓட்டுநர் பாதுகாப்புக் கருவி' என்ற பெயர் சட்டத்தில் ஏறியது. பொருள் அதேதான். முதல் பெயர் என்ன நடக்கும் என்பதைச் சொன்னது. இரண்டாவது பெயரைக் கடையில் வண்டிமேல் ஒட்டலாம், வாங்க வந்தவர் முகம் சுளிக்க மாட்டார்.

2019 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசு கட்டாயத் தர ஆணையைப் பிறப்பித்தது. 2020 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும்: இந்த வண்டி எத்தனை டிகிரி சாய்ந்தால் கவிழத் தொடங்கும் என்று. கவிழும் அபாயத்தைச் சொல்லும் எச்சரிக்கையை வண்டியிலேயே ஒட்ட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பொதுப் பயன்பாட்டுக்கான வண்டிகளில் பாதுகாப்பு வளைவு கட்டாயம். பக்கவாட்டுச் சாய்வுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வந்தது. கணக்கைப் போட்டால், மேடையில் நிறுத்திச் சாய்க்கும்போது ஏறத்தாழ 29 டிகிரி வரை அது விழாமல் நிற்க வேண்டும். பெரிய எதிர்பார்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஹோண்டா, யமஹா போன்ற பெரிய பெயர்கள் அந்த நாட்டுச் சந்தையில் இந்த வண்டிகளை விற்பதை விட்டு விலகின. வளைவு வைப்பதைவிட விலகுவது மேல் என்று முடிவு செய்தார்கள். வேறு கம்பெனிகள் வளைவோடு விற்றன. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்புப் பட்டை போட்டுக்கொள்ளும், கூண்டு உள்ள சிறு வண்டிகளுக்குப் பல விவசாயிகள் மாறிக்கொண்டார்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் அரசுகள் இதற்கெல்லாம் முன்பே, 2016இல், வளைவு மாட்டுபவருக்குப் பணம் திருப்பித் தரும் திட்டம் வைத்திருந்தன. விவசாயி கையில் காசோலையைக் கொடுத்தால் தத்துவ விவாதம் சீக்கிரம் முடிகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் ஏ.டி.வி. வேலை வண்டி ஆகவில்லை. ராணுவத்திலும் சுற்றுலாத் தலங்களிலும் பணக்காரர் தோட்டங்களிலும் இருக்கிறது. ஒரு வேடிக்கை: இங்கே சாலையில் பதிவு செய்து ஓட்டுவதற்காக, டிராக்டர் என்ற வகையில் விற்கப்பட்ட மாதிரியும் உண்டு. பெயர் மாறினால் சட்டம் திறக்கும் கதவும் மாறுகிறது. நம் வயலில் மனிதன்மேல் கவிழும் எந்திரம் அசல் டிராக்டர்தான். எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய டிராக்டர் சந்தை நம்முடையது. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் விற்கிறது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கென்று ஒரு வாசகம் உண்டு: 'டிராக்டர் குடை சாய்ந்ததில் டிரைவர் பலி.' குடை சாய்தல் என்பது வண்டி கவிழ்வதற்கு அகராதியில் உள்ள பழைய சொல். எத்தனை மென்மையான சொல்! ஏதோ காற்றில் தாழங்குடை ஒரு பக்கம் சரிந்தது போல இருக்கிறது. உள்ளே அகப்பட்ட மனிதனின் முதுகெலும்பு அந்தச் சொல்லில் இல்லை. செய்தி நான்கு வரிதான் வரும். பெயர், வயது, ஊர், போலீஸ் விசாரிக்கிறது. எப்படிக் கவிழ்ந்தது என்று எழுத இடம் இருக்காது. எழுதப்போனால் எல்லாமே இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

பக்கவாட்டில் சாய்வது ஒரு வகை. கால்வாய்க் கரை இடிந்து, வரப்பு ஏறும்போது ஒரு சக்கரம் உயர்ந்து, மேட்டுச் சாலையின் ஓரத்தில் மண் உள்வாங்கி. இது எல்லாருக்கும் புரியும். புரியாதது பின்னால் மல்லாப்பது. பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது என்று வையுங்கள். டிரைவர் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைத் திணித்து, கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுகிறார். சக்கரம் சுழல முடியவில்லை. எஞ்சினின் பலம் எங்காவது போக வேண்டுமே. அது சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. எழும்பியதிலிருந்து முக்கால் விநாடியில் திரும்ப முடியாத கட்டம் வந்துவிடும். ஒன்றரை விநாடியில் வண்டி தலைகீழாக, டிரைவர் அடியில். 'அஜாக்கிரதையாக ஓட்டினார்' என்று எழுதுபவர்கள் முக்கால் விநாடியில் என்ன ஜாக்கிரதை செய்ய முடியும் என்று ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

சுமை இழுக்கும்போதும் இதேதான். சுமையைக் கட்டுவதற்கென்று டிராக்டரின் பின்னால், தாழ்வாக, ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மரம் இழுக்கவோ புதைந்த லாரியை இழுக்கவோ அவசரத்தில் சங்கிலியை அதைவிட உயரத்தில், அச்சிலோ அதற்கும் மேலோ கட்டினால், இழுக்கிற இழுப்பே முன்பக்கத்தைத் தூக்கிவிடும். மேற்கு மகாராஷ்டிரத்திலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் கரும்புப் பருவத்தில் பாருங்கள். இரண்டு டிராலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மலைபோல் கரும்பு ஏற்றி, ஆலை வாசலை நோக்கி ஒரு டிராக்டர் போகும். மேட்டில் முன் சக்கரம் தத்தும். அதை அழுத்த முன் பம்பரில் இரண்டு ஆட்கள் ஏறி உட்காருவதையும் பார்க்கலாம். மனிதனை எடைக்கல்லாக வைக்கிற தொழில்நுட்பம் நம்முடையது.

இதற்கு மருந்து கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களில் பாதுகாப்பு வளைவோ கூண்டோ கட்டாயம் என்றது. பிறகு படிப்படியாகப் பழைய டிராக்டர்களுக்கும் விரித்தது. 1950களின் இறுதியில் அங்கே லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 17 பேர் கவிழ்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். 1990 வாக்கில் அது ஒன்றுக்கும் கீழே போனது. அந்த முப்பது ஆண்டுகளில் ஸ்வீடன் விவசாயி திடீரென்று நிதானசாலி ஆகிவிடவில்லை, அவனுடைய நிலமும் சமமாகவில்லை. தலைக்குமேல் ஒரு வளைவு வந்தது. அமெரிக்காவில் 1985 முதல் தயாரிப்பாளர்களே புது டிராக்டர்களில் அதைப் பொருத்தித் தருகிறார்கள்.

இந்தியத் தொழிற்சாலையில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் டிராக்டரிலும் அந்த வளைவு இருக்கிறது. நம் வயலில் ஓடுபவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை. இங்கே வளைவுபோல ஒன்று இருந்தால் அது வெயிலுக்குக் கட்டிய கூரை. மெல்லிய குழாய், மேலே தார்ப்பாய் அல்லது தகரம், ஓரத்தில் ஜரிகைத் தொங்கல், உள்ளே பாட்டுப்பெட்டி. பார்வைக்குப் பாதுகாப்பாகத் தெரியும். கவிழும்போது அப்பளம்.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், அரைகுறையாகச் சொன்னால் ஆபத்து. வளைவு இருந்தால் இடுப்புப் பட்டை போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் தூக்கி எறியப்பட்டு அந்த வளைவின் கீழேயே விழலாம். வளைவு இல்லாத டிராக்டரில் பட்டை போட்டுக்கொள்ளவே கூடாது. குதித்துத் தப்பிக்கிற ஒரே வாய்ப்பும் அதனால் போகும். பழத்தோட்டத்தில் கிளை இடிக்குமே, தாழ்ந்த கொட்டகையில் நுழையாதே என்பவர்களுக்காக மடக்கும் வளைவும் உண்டு. மடக்கியதைத் திரும்ப நிமிர்த்த மறந்தால் அதுவும் வெறும் குழாய்தான்.

டிரைவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் டிராக்டர் கவிழ்ந்தால் சாகிறவர்கள் பெரும்பாலும் பின்னால் இருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் மிளகாய்க் காட்டு வேலைக்குப் போன பெண்களின் டிராக்டர் கால்வாயில் விழுந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில், அதே மாநிலத்தில் யாதாத்ரி மாவட்டத்தின் வேமுலகொண்டா அருகே, வயல் வேலைக்குப் போன இன்னொரு டிராக்டர் மூசி கால்வாயில் கவிழ்ந்து 15 பேர். ஏறத்தாழ அனைவரும் பெண்கள். 2025 ஏப்ரல் 4 அன்று மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில், பக்கத்து ஹிங்கோலி மாவட்டத்திலிருந்து மஞ்சள் காட்டு வேலைக்குக் கூலிக்கு அழைத்துவரப்பட்ட பெண்களோடு ஒரு டிராக்டர் கிணற்றுக்குள் போனது. ஏழு பெண்கள் இறந்தார்கள். மிளகாய், பருத்தி, மஞ்சள் என்று பயிர் மாறுகிறது. காலை நேரம், வேலைக்குப் போகும் வழி, பெண்கள், தண்ணீர் என்பவை மாறுவதில்லை. நீந்தத் தெரிந்தவர்கள்கூடக் கவிழ்ந்த டிராலிக்கு அடியில் நீந்த முடியாது.

இந்தச் சாவுகள் எந்தக் கணக்கில் சேரும்? தொழிற்சாலையில் கூரை விழுந்து 15 பேர் இறந்தால் அது தொழில் விபத்து, ஆய்வாளர் வருவார். இங்கே நடந்தது சாலை விபத்து என்று ஒரு பதிவேட்டில் போகும், அல்லது கிணறு கால்வாய் என்பதால் இயற்கைக்கு மாறான மரணம் என்று வேறொன்றில். ஆளில்லா வயலில் டிரைவர் தனியாக நசுங்கி இறந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு புதுச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அவ்வளவுதான். பாம்பு கடித்தவரும் மின்னல் தாக்கியவரும் இருக்கும் அதே பக்கத்தில் இவரும் இருப்பார். ஆஸ்திரேலிய நீதிபதிகள் கோப்புகளை ஒன்றாக அடுக்கியதைச் சொன்னேன். நாம் அடுக்கவே முடியாதபடி பிரித்து வைத்திருக்கிறோம்.

சட்டம் டிராக்டரை எப்படிப் பார்க்கிறது என்பதும் சுவாரசியமானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிராக்டர் என்பது, தன்னை ஓட்டத் தேவையான சாதனங்கள் தவிர, எந்தச் சுமையையும் தானே சுமக்கும்படி அமைக்கப்படாத வாகனம். சுமையே ஆகாது என்கிற வாகனத்தில் ஆளை ஏற்றுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் மாவட்டத்தில், முடியிறக்கிவிட்டுக் கோயிலிலிருந்து திரும்பிய டிராலி குளத்தில் விழுந்து, பெண்களும் குழந்தைகளுமாக 26 பேர் இறந்தபோது, டிராக்டர் டிராலியை விவசாயத்துக்கும் சரக்குக்கும் மட்டும் பயன்படுத்துங்கள் என்று முதல்வர் வேண்டுகோள் விடுத்தார். சரியான வேண்டுகோள். ஆனால் அந்தக் கிராமத்துக்கு மாலை ஆறு மணிக்குமேல் பஸ் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்சில், கங்கையில் நீராடப் போனவர்களின் டிராலி குளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

கூலிக்குப் போனவர் செத்தாலோ கையுடைந்தாலோ நஷ்டஈடு எங்கே கேட்பது? 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன தொழிலாளி ஒருவர் டிராக்டர் டிராலியில் போகும்போது அடிபட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னது: டிராக்டர் விவசாயத்துக்காகக் காப்பீடு செய்யப்பட்டது, சூளைக்கு மண் அள்ளுவது விவசாயம் இல்லை, அவர் பயணி என்ற கணக்கிலும் வரமாட்டார். நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஆனாலும் ஏழைத் தொழிலாளி என்பதால் அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின் தனி அதிகாரத்தைக் கொண்டு, முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. நல்ல மனசு. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தன் மிக அபூர்வமான அதிகாரத்தை எடுத்தால்தான் ஒரு மண்கூலிக்குப் பணம் வரும் என்றால், அதுவரை போக முடியாத மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

வேறு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், டிராக்டர் போன்ற எந்திரங்களைக் கொண்டு நடக்கும் விவசாயத்தில் வேலை செய்பவரும் தொழிலாளி என்று சேர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. இந்த வழியின் சிறப்பு, வேலையின்போது மரணம் என்றால் தவறு யாருடையது என்று கேட்காது என்பதுதான். போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் இறந்த டிரைவரையே குற்றவாளியாக எழுதியிருந்தாலும் குடும்பம் கேட்கலாம். தடை வேறொன்று: அவர் இன்னாரிடம் வேலை செய்தார் என்று காட்டச் சீட்டு வேண்டும். நாள்கூலிக்கு யார் சீட்டு எழுதுகிறார்கள்? டிராக்டர் சொந்தக்காரர் தூரத்துச் சொந்தமாகவும் இருப்பார், ஊர்ப் பெரியவராகவும் இருப்பார். ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஈமச் செலவையும் பார்த்துக்கொள்வார். அத்துடன் பேச்சு முடியும்.

விவசாய எந்திரங்களை இந்தியா ஒழுங்குபடுத்த முடியாது என்பார்கள். செய்திருக்கிறோம். பசுமைப் புரட்சிக்குப் பிறகு கதிரடிக்கும் எந்திரங்கள் வடக்கே பரவியபோது, கதிரோடு கையும் உள்ளே போன சம்பவங்கள் ஏராளம். பஞ்சாப், ஹரியானாவுக்கு அறுவடைக்கு வந்த பிகார்த் தொழிலாளிகள் பலர் ஒற்றைக் கையோடு ஊர் திரும்பினார்கள். அதற்காகவே 1983இல் அபாயகர எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிரைத் திணிக்கும் வாய் கை எட்டாதபடி நீளமாக, மூடியதாக இருக்க வேண்டும் என்று தரம் வகுத்தார்கள். கவனமாகத் திணியுங்கள் என்று தொழிலாளிக்குச் சொல்வதோடு நிற்காமல், செய்பவனையும் விற்பவனையும் பிடித்த சட்டம் அது. சட்டத்தை மதிக்காத பட்டறை எந்திரங்கள் பிறகும் ஓடின, கைகள் பிறகும் போயின, அது வேறு விஷயம். கருத்து நம்மிடம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. டிராக்டருக்கு அதைக் கொண்டுபோகத்தான் யாருக்கும் தோன்றவில்லை. டிராக்டர் என்றால் நமக்கு முன்னேற்றம், வரதட்சணை, தேர்தல் சின்னம், போராட்ட ஊர்வலம். ஒரு வகையில் குடும்ப உறுப்பினர். அதை அபாயகர எந்திரம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 1955இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. டிராக்டரின் குதிரைசக்தி, எரிபொருள் செலவு, பிரேக், புகை என்று எல்லாவற்றையும் அளந்து அறிக்கை தரும். 2014-15 முதல் நடக்கும் வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில், டிராக்டர் உட்பட எந்திரங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. மானியம் வேண்டுமானால் பரிசோதிக்கப்பட்ட மாதிரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே உண்டு. அந்த நிபந்தனையோடு இன்னொன்று: தலைக்குமேல் சோதித்துத் தேறிய வளைவு, இடுப்புக்குப் பட்டை. வாடகை டிராக்டர் மையங்களுக்குக் கொடுக்கும் மானியத்திலும் அதேபோல். வெளிநாட்டுக்கு அனுப்பும் வண்டியில் பூட்டுகிற அதே வளைவுதான், அதே தொழிற்சாலையில், அதே ஆட்கள் பூட்டப்போகிறார்கள். விலை கூடும், மறுக்கவில்லை. எவ்வளவு கூடும் என்பதையும் அதில் எவ்வளவை அரசு ஏற்கும் என்பதையும் கம்பெனிகளும் வேளாண் அமைச்சகமும் உட்கார்ந்து பேச வேண்டும். டிராலியில் ஏறும் பெண்களுக்கு இந்த வளைவால் பயனில்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு வேண்டியது காலை ஏழு மணிக்குக் காட்டுப் பக்கம் போகிற ஒரு மினி பஸ்.